நூறு கடிதம் போட்டால் எத்தனை பதில் வரும்?

போன வாரம் குன்னூரிலிருந்து ஒரு தங்கச்சி ஃபோன் செய்தாள். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறவள். "அக்கா, ஏப்ரல்ல இருநூறு பேருக்குத் தபால்ல கடிதம் போட்டேன், ரெண்டே ரெண்டு ஆர்டர்தான் வந்துச்சு. கவர் கலரை மாத்தணுமா, இல்ல நல்ல டிசைனரா பாத்து நோட்டீஸ் அடிக்கணுமா, சொல்லுங்க" என்றாள். கலரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த இருநூறு பேரும் யார் என்று சொல் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தெரிந்த ஒருவர் லாட்ஜ் ரிஜிஸ்டரிலிருந்து எழுதிக் கொடுத்த முகவரிகளாம்.

கோத்தகிரியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்களுக்கு டீத்தூளும் நீலகிரித் தைலமும் விற்கிற சின்னக் கடை. பல வருஷமாக வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் கடிதம் போட்டுத்தான் மலைக்குக் கீழே வியாபாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவளிடம் அரை மணி நேரத்தில் சொன்னது போதவில்லை என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். சாக்லேட்டோ, தைலமோ, பூண்டோ, தையல் வேலையோ, யாருக்காவது பயன்படும்.

முதலில் அந்த லாட்ஜ் ரிஜிஸ்டர். போலீஸ் கேட்டால் காட்டத்தான் லாட்ஜில் முகவரி எழுதி வாங்குகிறார்கள், நம் சாக்லேட் விற்க இல்லை. அது தப்பு, 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவருடைய விவரத்தை அவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிற வழியில்தான் போகிறது. சட்டத்தை விட்டுவிடுவோம், வியாபாரமாகப் பார்த்தாலும் வீண். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ராத்திரி தங்கிப் போனவருக்கு உன் பேர் என்ன தெரியும்? "இவங்களுக்கு என் அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?" என்றுதான் முதலில் யோசிப்பார். அந்தச் சந்தேகம் வந்தபிறகு உள்ளே என்ன எழுதியிருந்தாலும் படிக்க மாட்டார்.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. கடிதம் போட ஆரம்பித்த புதிதில் ஒருவர் "டீ வாங்குறவங்க லிஸ்ட்" என்று கோவை, திருப்பூர் முகவரிகள் ஆயிரம் கொண்டுவந்து விற்றார். அதில் 400 பேருக்குப் போட்டேன். அடுத்த இரண்டு வாரமும் போஸ்ட்மேன் அண்ணன் தினம் ஒரு கட்டு திரும்பக் கொண்டுவந்தார், கவர் மேல் 'லெஃப்ட்' என்றும் 'அப்படி ஒருவர் இல்லை' என்றும் 'முகவரி போதாது' என்றும் பேனாவால் எழுதியிருக்கும். மொத்தம் 61 கவர் திரும்பி வந்தது, ஆர்டர் வந்தது மூன்று. அடுத்த தடவை கடையில் வாங்கிப் போனவர்கள் நோட்டில் எழுதிய 120 பேருக்கு, கிட்டத்தட்ட அதே கடிதத்தைத்தான் போட்டேன். பதினொரு ஆர்டர் வந்தது. அன்றைக்குப் புரிந்ததுதான், பதில் வருமா வராதா என்பது கவர் பிரியும்போது முடிவாவதில்லை, நோட்டில் முகவரி ஏறிய அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது.

தபால் விளம்பரத் தொழிலில் அமெரிக்காவில் எட் மேயர் என்பவர் பேரால் ஒரு கணக்குச் சொல்வார்கள்: யாருக்குப் போடுகிறோம் என்பதற்கு 40 பங்கு, என்ன கொடுக்கிறோம் என்பதற்கு 40, எழுத்து, படம், தாள், கலர் எல்லாம் சேர்ந்து மீதி 20. என்னைக் கேட்டால் எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு முதல் பங்கை இன்னும் ஏற்றிச் சொல்வேன்.

எங்கள் நோட்டு சாதாரண 200 பக்கக் கோடு போட்ட லாங் சைஸ் நோட்டுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டின பேனாவோடு இருக்கும். நாங்கள் எழுதுவதில்லை, வாங்குகிறவர் கையாலேயே எழுதச் சொல்வோம், அப்போதுதான் பேரில் இன்ஷியல் முதல் கதவு எண் வரை தப்பில்லாமல் வரும். பின்கோடு கட்டாயம். 1972இல் இருந்து இருக்கிற ஆறு எண் இது, முதல் மூன்றைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரியும், 643 என்றால் நம் நீலகிரி, 641 கோவை, 625 மதுரை. எழுதும்போதே, "வருஷத்துல மூணு நாலு தடவ கடிதம் போடுவோம், போடலாமுங்களா?" என்று கேட்போம். சரி என்றால் அவரே ஒரு டிக் போடுவார். வேண்டாம் என்றால் வேண்டாம், மூஞ்சியைத் தூக்கிக்கொள்வதில்லை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கடைசி இரண்டு கட்டத்தை நிரப்புவார்: என்ன வாங்கினார், எவ்வளவுக்கு. தேதி எல்லாவற்றுக்கும் முன்னால்.

அந்தத் தேதிதான் தங்கம். தபாலில் வியாபாரம் செய்கிறவர்கள் ரொம்ப காலமாகப் பட்டியலை மூன்று கேள்வி கேட்டுப் பிரிக்கிறார்கள்: கடைசியாக எப்போது வாங்கினார், இதுவரை எத்தனை தடவை வாங்கினார், எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார். இதில் முதல் கேள்வி மற்ற இரண்டையும்விட வலுவானது. நாலு மாசம் முன்னால் கால் கிலோ வாங்கினவர், நாலு வருஷம் முன்னால் ரெண்டு கிலோ வாங்கினவரைவிடச் சீக்கிரம் பதில் போடுவார். கையில் காசு குறைவாக இருந்தால் நோட்டில் மேலிருந்து கீழே போகாதீர்கள், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வாருங்கள்.

என்ன வாங்கினார் என்ற கட்டத்தை நான் ரொம்ப நாள் சட்டை செய்யவில்லை. அதைக் காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா சொல்லிக்கொடுத்தார். ஒரு ஜனவரியில் எல்லாருக்கும் ஒரே கடிதம் போட்டேன், பனிக்காலத்தில் பறித்த இலையில் செய்த ஆர்த்தடாக்ஸ் என்கிற இலை டீ வந்திருக்கிறது, ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று சின்ன பாக்கெட்டும் வைத்து. டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரிக் குளிரில் தளிர் மெதுவாக வளரும், அந்த இலைக்கு ஒரு வாசனை உண்டு, எனக்கு உயிர். அந்த அம்மாவின் பதில் கார்டு வந்தது. ஆர்டர் இல்லை. நீலப் பேனாவில், வரி சாய்ந்து மேலே போகும் கையெழுத்து: "தூள் வந்தது. பாலில் போட்டுக் கொதிக்க வைத்தேன். நிறமே வரவில்லை. முன்பு உங்கள் கடையில் வாங்கியது நன்றாக நிறம் விட்டது. இது பழைய தூளா?"

நோட்டைப் புரட்டினேன். அவர் வாங்கியது சிடிசி டஸ்ட், இலையை மெஷினில் நசுக்கிச் செய்கிற தூள். பாலோடு கொதிக்க வைத்தால் செம்மண் நிறத்தில் இறங்குவது அதுதான், நம் ஊர் டீக்கடை டீ, வீட்டு டீ எல்லாம் அதில்தான். ஆர்த்தடாக்ஸ் முழு இலை, கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நான்கு நிமிஷம் மூடி வைத்து வடிகட்டிப் பால் இல்லாமல் குடிப்பது. பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் வாசனையும் போகும், நிறமும் வராது. அவர் கேட்டது நியாயம்தான். தப்பு என் பக்கம், சிடிசி வாங்குகிறவருக்குத் தேவையே இல்லாத ஒன்றை ஆசை ஆசையாக விற்கப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நோட்டை மூன்றாகப் பிரித்தேன். டஸ்ட் வாங்குகிறவர்களுக்கு "போன தடவை வாங்கிய தூள் தீர்ந்திருக்கும், அதே தூள் இருக்கிறது, விலை இது" என்று அரைப் பக்கம். இலை டீ வாங்குகிறவர்களுக்கு எந்த மாசத்து இலை, எப்படிப் போட வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம், அவர்கள் படிப்பார்கள், படிக்கப் பிடிக்கும். தைலம் வாங்குகிறவர்களுக்கு மழைக்கு முன்னால் நாலே வரி. மூன்று கடிதம் எழுதுவது வேலைதான். ஆனால் அந்த வருஷம் 100 கடிதத்துக்கு நாலைந்து என்று இருந்த பதில் ஒன்பது பத்துக்கு ஏறியது. தாளையோ கவரையோ நான் மாற்றவில்லை.

தைலம் விற்கிறவர்களுக்கு இடையில் ஒன்று. மூட்டுவலி தீரும், ஆஸ்துமா போகும் என்றெல்லாம் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். சளி பிடித்தால் வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கிறது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம், நாம் பெருக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இனிப் பதில் போடுவதை எவ்வளவு சுலபமாக்குகிறோம் என்பது. ஒருவர் கடிதத்தைப் படித்து, வாங்கலாம் என்று நினைத்து, பேனாவைத் தேடி, முகவரி எழுதி, ஸ்டாம்பு இல்லையே என்று டிவி மேல் வைத்தால் அந்த ஆர்டர் அங்கேயே போயிற்று. அதனால் கவருக்குள் எங்கள் முகவரி எழுதிய ஓர் அஞ்சலட்டையை வைத்துவிடுகிறேன். 50 பைசாதான். இதைக் கையால்தான் எழுத வேண்டும், அச்சடித்தால் அது அச்சிட்ட கார்டு கணக்கில் போய் 6 ரூபாய் ஆகிவிடும். பின்பக்கம் "அரைக் கிலோ / ஒரு கிலோ" என்று நாங்களே எழுதி, அவர் ஒன்றைச் சுழித்து, பேரைச் சரிபார்த்துப் பெட்டியில் போட்டால் போதும். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ முடித்த இரண்டு பிள்ளைகள் கார்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறார்கள். பெரிய அளவில் செய்கிறவர்கள் பிசினஸ் ரிப்ளை லைசென்ஸ் வாங்கலாம், பதில் போடுகிறவர் ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம், திரும்பி வருகிறவற்றுக்கு மட்டும் நாம் கட்டினால் போதும். எங்கள் அளவுக்கு அஞ்சலட்டையே சரி.

எல்லாரும் கார்டு போடுவதில்லை. வயசானவர்கள் கார்டு, நடு வயசுக்காரர்கள் ஃபோன், சின்னவர்கள் க்யூஆர் கோடைப் பிடித்து ஜிபே செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் முகவரி. மூன்று வழியையும் கடிதத்தின் கீழே வைத்திருக்கிறேன். ஃபோன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு.

எடையையும் பாருங்கள். சாதாரணக் கடிதம் 20 கிராம் வரை 5 ரூபாய், ஒரு கிராம் கூடினாலும் இன்னொரு 5 ரூபாய். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். கவர், கார்டு, ஒரு தாள், ஒரு கப்புக்கான 2 கிராம் டீத்தூள் பாக்கெட் எல்லாம் வைத்து எங்கள் சின்னத் தராசில் போட்டால் 17க்குள் நிற்கும். இரண்டாவது தாள் வைத்தால் தாண்டிவிடும், அதனால் ஒரே தாள்தான். பாக்கெட்டைக் கவரின் இடது கீழ் மூலையில் ஒட்டி வைக்கிறேன். முதலில் நடுவில் போட்டேன், அது சரிந்து ஸ்டாம்பு மூலைக்குப் போய், முத்திரை குத்தும்போது பிரிந்து, கவர் முழுக்கத் தூள். இப்போது ஒட்டுவதற்கு முன்னால் விரலால் தட்டித் தட்டித் தட்டையாக்கிவிடுவேன். இன்னொன்று, மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்: ஜூன், ஜூலை மூடுபனியில் பசை தடவிய கவர்கள் கட்டிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டைப் பிரித்த உடனே அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.

கவர் மேல் பேரும் முகவரியும் கையெழுத்து. ஸ்டாம்பு ஒட்டுவதும் கையால்தான். இன்றைக்கு ஒரு வீட்டுக்கு வருகிற தபாலில் முக்கால்வாசி பேங்க், இன்ஷூரன்ஸ், ஏதாவது நோட்டீஸ், எல்லாம் ஜன்னல் வைத்த கவரில் அச்செழுத்து. அதற்கு நடுவில் கையால் பேர் எழுதிய கவர் வந்தால் யார் போட்டது என்று பார்க்கத் தோன்றும்.

கடிதத்துக்குள் என்ன எழுதுவது என்று அந்தத் தங்கச்சி நிறையக் கேட்டாள், நான் சொன்னது கொஞ்சம்தான். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். "அன்பான வாடிக்கையாளர்களே" என்று கூட்டத்தைக் கூப்பிடாமல் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடு. போன தடவை என்ன வாங்கினார் என்று முதல் வரியிலேயே சொல், அப்போதுதான் தன்னை நினைவு வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். கடைசித் தேதி ஒன்று போடு, ஆனால் உண்மையான தேதியாக இருக்கட்டும். 20ஆம் தேதி வரைதான் என்று எழுதிவிட்டு 25ஆம் தேதி வருகிறவருக்கும் அதே விலையில் கொடுத்தால் அடுத்த கடிதத்தில் தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள். கையெழுத்துக்குக் கீழே ஒரு பி.கு. கட்டாயம், முக்கியமான சேதியை அங்கே இன்னொரு தடவை எழுது. நிறையப் பேர் மேலே தன் பேரைப் பார்த்ததும் கீழே யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள், அங்கே இருக்கிற இரண்டு வரியைப் படித்த பிறகுதான் நடுப்பகுதிக்கு வருவார்கள்.

எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? பதில் கார்டின் மூலையில் சின்னதாக ஓர் எழுத்துப் போட்டுவிடுகிறேன், க என்றால் விலை குறைப்பு, ச என்றால் தபால் செலவு இலவசம். ஃபோனில் வந்தால், "கார்டு மூலையில என்ன எழுத்து இருக்குதுங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் கூடியது என்று சொல்ல முடியாது. இங்கே அவசரப்படக்கூடாது. 150 பேருக்கு ஒரு கடிதம், 150 பேருக்கு இன்னொன்று, ஒன்றில் ஆறு பதில், மற்றதில் ஒன்பது என்றால் இரண்டாவது ஜெயித்துவிட்டது என்று துள்ளாதீர்கள், ஒரே கடிதத்தையே இரண்டாகப் பிரித்துப் போட்டாலும் அந்த வித்தியாசம் வரும். மூன்று நாலு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அப்போது நம்பலாம். நாலு தடவை பார்த்ததில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு விலை குறைப்பைவிடத் தபால் செலவு இலவசம் என்பதுதான் பிடித்திருக்கிறது, ரூபாயில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பதில் வராதவர்கள் பேரை உடனே நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து அவர்களுக்கு மட்டும் இன்னொரு சின்னக் கடிதம், "போன கடிதம் கிடைத்ததா" என்று. வெளியூர் போயிருப்பார்கள், மாசக் கடைசியாக இருந்திருக்கும். முதல் கடிதத்துக்குப் பத்து வந்தால் இதற்கு ஐந்தாறு வருகிறது. மூன்று வருஷமாக எதற்குமே பதில் இல்லாதவருக்கு, "இனிமேல் கடிதம் போடலாமா?" என்று கேட்டுக் கடைசியாக ஒரு கார்டு போட்டுவிட்டுப் பேரை எடுத்துவிடுவேன்.

ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். பதில் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவது கஷ்டமே இல்லை, கால் கிலோ இலவசம் என்று எழுதினால் பாதிப்பேர் கார்டு போடுவார்கள். அடுத்த தடவை அவர்களில் யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு ஒரு கடிதத்துக்கு எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய் ஆகிறது, நூறுக்கு ஆயிரம். ஓர் ஆர்டரில் 150 ரூபாய் நிற்கிறது என்றால் ஏழு ஆர்டர் வந்தால்தான் கைக்காசு போகாது. ஐந்துதான் வந்தது, ஆனால் அதில் மூன்று பேர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்ப வாங்கினார்கள் என்றால் அது நல்ல கடிதம். அதனால் நோட்டில் முதல் ஆர்டருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆர்டருக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

கடைசியாகக் காலம். அவள் கடிதம் போட்டது ஏப்ரலில் என்றாள் இல்லையா. ஏப்ரல், மே மாசம் மதுரைக்கும் சென்னைக்கும் பார்சலில் போகிற சாக்லேட் என்ன ஆகும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாதா? இளகித்தான் வந்து சேரும். கேட்டதும், "ஆமாக்கா, அந்த ரெண்டு பேருல ஒருத்தங்க அதைத்தான் சொன்னாங்க" என்றாள். தைலக் கடிதத்தை நான் செப்டம்பர் கடைசியில் போடுவது, கீழே மழை ஆரம்பிக்கும்போது கார்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்றுதான். சாக்லேட்டுக்குத் தீபாவளியை வைத்துப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்: கடிதம் போய்ச் சேர நாலைந்து நாள், அவர்கள் யோசிக்க ஒரு வாரம், கார்டு திரும்பி வர நாலைந்து நாள், செய்து பேக் பண்ண ஒரு வாரம், பார்சலுக்கு ஐந்து நாள், வடகிழக்குப் பருவமழையில் மலை ரோட்டில் மண் சரிந்தால் அதற்கு இரண்டு மூன்று நாள். அதனால் பண்டிகைக்கு ஐந்து வாரம் முன்னால் கவர்கள் பெட்டியில் விழுந்துவிட வேண்டும்.

நேற்று மறுபடி ஃபோன் செய்தாள். லாட்ஜ் முகவரித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். இரண்டு வருஷமாக அவள் அனுப்பிய பார்சல்களின் கூரியர் ரசீதுகள் ஒரு பையில் கிடந்திருக்கின்றன, அதில் பேரும் ஊரும் பின்கோடும் இருக்கிறது, உட்கார்ந்து எழுதியதில் 38 பேர். எல்லாரும் அவளிடம் காசு கொடுத்து வாங்கியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து, கடிதம் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், 20 பேர் வரை கேட்டாகிவிட்டது, அதில் இருவர் ஃபோனிலேயே கால் கிலோ கேட்டுவிட்டார்கள்.